ஜின்னிங் மில்லும் முயல் பொறியும்



லஞ்ச ஒழிப்புத் துறையினர் யாரையாவது பிடித்தால் மறுநாள் பேப்பரில் 'ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டு' என்ற வரி தவறாமல் வந்துவிடும். அந்த ரசாயனத்தின் பெயர் பினாப்தலின். வெள்ளைப் பொடி, நோட்டில் லேசாகத் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. பணத்தை வாங்கியவரின் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு மாறும். அதை பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார்கள். அரசு அலுவலகங்களில் இதற்குப் புழங்கும் பெயர் 'ட்ராப்'. "ட்ராப்ல மாட்டிக்கிட்டாருப்பா" என்பார்களே தவிர, "பொறியில் சிக்கினார்" என்று எந்த கிளார்க்கும் சொல்லிக் கேட்டதில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த ஆங்கிலச் சொல் இங்கே கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. டச்சு மொழியில் 'ட்ராப்' என்றால் படிக்கட்டு. ஜெர்மனில் 'ட்ரெப்பெ'. இவையெல்லாம் காலை எடுத்து வைப்பது சம்பந்தமான ஒரே குடும்பத்துச் சொற்கள். பொறி வைத்தவன் துரத்த மாட்டான். விலங்கு தானாக வந்து மிதிக்க வேண்டும். லஞ்ச வழக்கும் அப்படித்தான். கேட்டார், கேட்டதை வாங்கினார் என்று இரண்டையும் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். மேஜை டிராயரில் யாரோ பணத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்றால் நிற்காது.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை இப்படிப்பட்ட ஆங்கிலச் சொற்களுக்கு ஒதுக்கிவிட்டேன். மாட்டவைக்கிற, சிக்கவைக்கிற, கால் கட்டுகிற சொற்கள். காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. எங்கள் மேஜைக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: 'சிக்கினார்'. நடிகர் சிக்கினார், வங்கி சிக்கியது, அமெரிக்கா சிக்கியது. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கருவி. ஒன்று கயிறு, ஒன்று குச்சி, ஒன்று இரும்பு. கருவிகளில் பல இன்று மியூசியத்துக்குப் போய்விட்டன. ஆனால் அவை எப்படி வேலை செய்தன என்று தெரிந்தால் சொல்லின் குணம் பிடிபட்டுவிடும்.

இரும்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ராஜபாளையம் பக்கமோ திருப்பூர் பக்கமோ உள்ளவர்களுக்கு 'ஜின்னிங் மில்' என்றால் விளக்க வேண்டியதில்லை. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை. அமெரிக்காவில் ஈலை விட்னி 1794-ல் காப்புரிமை வாங்கிய இயந்திரத்துக்கு 'காட்டன் ஜின்' என்று பெயர். அந்த 'ஜின்', 'எஞ்சின்' என்பதன் தலை வெட்டிய வடிவம். (குடிக்கிற ஜின் வேறு வம்சம். அது ஜூனிபர் காயின் பெயரிலிருந்து வந்தது. சொந்தம் கொண்டாட வேண்டாம்.) இதே ஜின்தான் இங்கிலாந்துக் கிராமங்களில் முயல் பிடித்தது. 'ஜின் ட்ராப்' என்பது பல் வைத்த இரண்டு இரும்புத் தாடைகள், நடுவில் ஒரு தட்டு. முயலின் கால் தட்டில் பட்டதும் தாடைகள் மூடிக்கொள்ளும். உயிர் உடனே போகாது. விடியும்வரை அங்கேயே கிடக்கும். 1954-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி 1958-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்குத் தடை. இதன் அண்ணன் ஒன்று இருந்தது. பண்ணையார்களின் காட்டில் திருட்டு வேட்டைக்கு வரும் ஏழைகளுக்காக வைத்த மனிதப் பொறி. அதை 1827-லேயே சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மனிதனுக்கும் முயலுக்கும் இடையில் நூற்று முப்பது வருஷம்.

எஞ்சினுக்கும் எஞ்சினியருக்கும் மூலமான லத்தீன் சொல்லுக்குப் பிறவி அறிவு, சாமர்த்தியம் என்று பொருள். சாமர்த்தியத்தைக் காட்டும் எந்தக் கருவியும் ஜின்தான். பஞ்சு ஆலையானாலும் சரி, முயல் பொறியானாலும் சரி. இதைப் படிக்கும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களோடு பகிராமல் இருக்க முடியவில்லை. நம் 'பொறி'யும் இதே இரட்டை வேலையைத்தானே செய்கிறது! எலிப்பொறியும் பொறி, இயந்திரமும் பொறி. கிண்டியிலும் கோவையிலும் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் 'பொறியாளர்' ஆனது அப்படித்தான். லண்டன்காரனும் நாமும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. எலிக்குப் பொறி செய்தவனைத்தான் இரண்டு ஊரிலும் முதல் எஞ்சினியர் என்று நினைத்திருக்கிறார்கள் போல.

அடுத்து குச்சி. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த சொல்: 'ஸ்காண்டல்'. கிரேக்கத்தில் 'ஸ்கந்தலான்' என்பது பொறியில் இரையை மாட்டி வைக்கும் சிறு குச்சி. அதுதான் கதவைத் தாங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் போச்சு. கிரேக்க பைபிளில் இது விசுவாசத்தில் தடுக்கி விழவைக்கும் விஷயம் என்ற பொருளில் வந்தது. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு 'இடறல்' என்று தெரிந்திருக்கும். லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய், ஆங்கிலத்துக்கு இரண்டு உருவத்தில் வந்து சேர்ந்தது. ஒன்று ஸ்காண்டல். இன்னொன்று அவதூறு வழக்குகளில் வரும் 'ஸ்லாண்டர்'. இரட்டைப் பிள்ளைகள், முகச்சாயல் மட்டும் மாறிவிட்டது.

நாம் ஸ்காண்டலை 'ஊழல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஊழல் என்றால் அழுகிப்போனது. அது மெதுவாக நடப்பது. யாருக்கும் தெரியாமல் இருபது வருஷம்கூட நடக்கும். ஸ்காண்டல் ஒரு நாளில் வெடிப்பது. குச்சி விலகிய அந்தக் கணம். ஊழல் இல்லாமலும் ஸ்காண்டல் வரலாம், ஸ்காண்டலே ஆகாமல் ஊழல் காலம் தள்ளலாம். இரண்டாவது வகையே நம் ஊரில் அதிகம் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஒன்றுக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

'டிகாய்'. அகராதிகள் இதை டச்சு மொழியின் 'கூண்டு' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த வாத்து பிடிக்கும் ஏற்பாடு இது. மரங்கள் சூழ்ந்த அமைதியான ஒரு குளம். குளத்தின் மூலைகளிலிருந்து கொம்புபோல் வளைந்து செல்லும் வாய்க்கால்கள். வாய்க்காலின் மேல் வளையங்கள் நட்டு வலை போர்த்தியிருக்கும். முகப்பில் அகலமும் உயரமுமாக இருப்பது உள்ளே போகப் போகக் குறுகி, கடைசியில் ஒரு பையில் முடியும். வளைந்திருப்பதால் முகப்பிலிருந்து பார்த்தால் முடிவு தெரியாது. வாய்க்காலின் ஓரத்தில் நாணல் தட்டிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்த்து நட்டிருப்பார்கள். தட்டிக்குப் பின்னால் ஆள் நடமாடினால் குளத்தில் இருக்கும் வாத்துக்குத் தெரியாது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் வந்து இறங்கும். வலைக்காரர் ஒரு நாயோடு வருவார். நரிபோல் செம்பட்டை நிறம், புசுபுசுவென்ற வால். இதற்கென்றே ஹாலந்தில் ஓர் இனம் வளர்த்தார்கள், இன்றும் இருக்கிறது. அந்த நாய் குரைக்காது. ஒரு தட்டியின் இடுக்கில் தலைகாட்டும், தாண்டும், மறையும். அடுத்த தட்டியில், இன்னும் கொஞ்சம் உள்ளே, மறுபடி தலைகாட்டும். வாத்துகள் என்ன செய்யும்? பறந்து ஓடாது. தண்ணீரில் பத்திரமாக இருக்கிறோம் என்ற தைரியத்தில் எதிரியை நோட்டம் விடுவது அவற்றின் சுபாவம். நாய் திரும்பிப் போகிறது என்று கண்டதும் கூட்டமாகப் பின்னாலேயே நீந்தும், துரத்துகிற தோரணையில். வலைக்கூரைக்கு அடியில் நன்றாக வந்த பிறகு, வலைக்காரர் அவற்றுக்குப் பின்பக்கம், வாய்க்காலின் முகப்பில், சத்தமில்லாமல் எழுந்து நிற்பார். குளத்தில் மிதக்கும் மற்ற வாத்துகளுக்கு அவர் தெரிய மாட்டார். உள்ளே போனவை அவரைப் பார்த்து மிரண்டு எதிர்த்திசையில் எழும்பும். எதிர்த்திசையில்தான் பை இருக்கிறது. கூட்டத்தில் பாதி காணாமல் போன விஷயம் வெளியே இருப்பவற்றுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வேளைக்கும் அதே குளம், அதே நாய். மனித வாடை வாத்துகளுக்கு எட்டாமல் இருக்க வலைக்காரர் கையில் புகையும் புல்கரித் துண்டு ஒன்றை வைத்திருப்பார் என்றும் சொல்கிறார்கள்.

லண்டன் சந்தைக்கு இப்படி வண்டி வண்டியாக வாத்து போனது. பிறகு சதுப்பு நிலங்களில் தண்ணீரை வடித்து வயலாக்கியதில் குளங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பக்கிங்ஹாம்ஷயரில் போர்ஸ்டால் என்ற ஊரில் ஒன்று மிச்சம் இருக்கிறது; நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. மிஞ்சிய சில குளங்களில் வாத்தைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டித் திரும்ப விட்டு, அவை எங்கே போகின்றன என்று ஆராய்ச்சி செய்தார்கள். சொல் மட்டும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டது. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் கவென்ட்ரி நகரம் எரிந்ததும், 'ஸ்டார்ஃபிஷ்' என்ற பெயரில் பிரிட்டிஷ்காரர்கள் ஊருக்கு வெளியே ஆளில்லாத வெட்டவெளிகளில் பெரிய தீ மூட்டினார்கள். இரவில் வரும் விமானி, நகரம்தான் எரிகிறது என்று நினைத்து மிச்சக் குண்டுகளை அங்கே கொட்டிவிட்டுப் போவான். இதற்கும் பெயர் டிகாய்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: 'பார்வை'. பழக்கிய பெண்மானைக் காட்டிக் காட்டு மானை வரவழைப்பார்கள். அந்தப் பெண்மானைச் சங்கப் புலவர்கள் பார்வை என்றார்கள். இப்போது அந்தப் பொருளில் யாரும் எழுதுவதில்லை. யானை பிடிக்கப் போகும் கும்கியைத்தான் தெரியும், அதுவும் சினிமா வந்த பிறகு. 'போலி', 'தூண்டில்' என்றெல்லாம் டிகாயை மொழிபெயர்க்கிறார்கள். தூண்டிலில் இரை இருக்கும். இங்கே இரையே கிடையாது. வாத்தின் அசட்டுத் தைரியம்தான் முதலீடு. ஆன்லைன் மோசடிக்காரன் போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறானே, அவனைப் பற்றி எழுதும்போது 'ஆசை காட்டி' என்று எழுதிவிடுகிறோம். ஆசை அங்கே எங்கே இருக்கிறது? 'தப்பு செய்யாத நமக்கு என்ன பயம், பேசிப் பார்ப்போம்' என்று நினைத்துத்தானே பலர் அந்த வாய்க்காலில் நீந்துகிறார்கள்.

கயிற்றுக்கு வருவோம். சுருக்குக் கயிற்றுக்கு லத்தீனில் 'லாக்வியுஸ்'. அமெரிக்க மாட்டுக்காரன் வீசும் 'லாஸ்ஸோ' அதன் பேரன். இன்னொரு பேத்தி, நம்ப மாட்டீர்கள், 'லேஸ்'. ஷூவில் கட்டுகிறோமே அந்த லேஸ். பாவாடை ஓரத்தில் வைத்துத் தைக்கிறோமே அந்த லேஸ். சுருக்கு, பிறகு கட்டும் கயிறு, பிறகு நூலால் முடிச்சிட்டுப் பின்னிய அலங்காரம் என்று படிப்படியாகச் சாதுவாகிவிட்டது. நாகர்கோவில் பக்கத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னுவது தலைமுறைத் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் கற்றுக்கொடுத்தது. நம் 'கண்ணி'யும் இப்படி இரண்டு பக்கம் பார்க்கிற சொல். பறவைக்கு வைப்பதும் கண்ணி, தலையில் சூடும் பூமாலையும் கண்ணி. இரண்டடிப் பாட்டும் கண்ணிதான். தாயுமானவரின் பராபரக்கண்ணியை அறியாதவர் இருக்க மாட்டார்கள். இந்தச் சொல்லின் கடைசி வாரிசு கண்ணிவெடி. வன்னியில் வாழும் வாசகர் ஒருவருக்கு இதில் எந்தப் பொருள் முதலில் தோன்றும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

'டிராமல்' என்று ஒரு வலை. மூன்று அடுக்கு. வெளியே இரண்டு பக்கமும் பெரிய கண் உள்ள வலை, நடுவில் சின்னக் கண்ணோடு தளர்வாகத் தொங்கும் இன்னொன்று. மீன் முதல் அடுக்கின் பெரிய கண் வழியாக நுழைந்து நடு வலையை முட்டும். முட்டிய வேகத்தில் அதையும் தள்ளிக்கொண்டு மூன்றாம் அடுக்கின் கண் வழியாக வெளியே வரும். அவ்வளவுதான், தானே செய்த பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். தென்கரையில் சில ஊர்களில் இறாலுக்குப் போடும் இதை 'டிஸ்கோ வலை' என்கிறார்கள். யார் வைத்த பெயரோ, துடிப்பதைப் பார்த்து வைத்திருப்பார்கள். 1964-ல் அமெரிக்காவில் காட்டு நிலங்களைக் காக்கச் சட்டம் எழுதிய ஹோவர்ட் ஸானிஸர், மனிதனால் 'டிராமல்' ஆகாத நிலம் என்று ஓர் எதிர்மறைச் சொல்லைத் தேடிப் போட்டார். பலரும் அதை 'மிதிபடாத' என்று தப்பாகப் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓசை அப்படி. அவர் சொன்னது, மனிதன் வலை போட்டுக் கட்டாத நிலம். நீங்கள் அங்கே நடக்கலாம். அணை கட்டி, சாலை போட்டு, உங்கள் இஷ்டத்துக்கு அதை வளைக்கக் கூடாது.

பிசின் வகையும் உண்டு. ஐரோப்பாவில் மிஸ்ல்டோ என்ற புல்லுருவியின் காயை நசுக்கிக் கிளையில் தடவிக் குருவி பிடித்தார்கள். அந்தச் செடிக்கும் பிசினுக்கும் லத்தீனில் ஒரே பெயர், விஸ்கும். பிசுபிசுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், அதன் வழியாக விஸ்கோஸ் துணியும் அங்கிருந்து வந்தவை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையைத் தெரிந்த கோவைக்காரர்கள் கவனிக்கவும்.

சமீபத்துப் பொறி ஒன்றைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஜோசப் ஹெல்லர் எழுதி 1961-ல் வெளிவந்த நாவலின் பெயர் 'கேட்ச்-22'. முதலில் 18 என்றுதான் வைத்திருந்தார். அதே வருஷம் வேறொரு நாவல் 18 என்ற எண்ணோடு வந்துவிட்டதால் மாற்றினார்கள். பைத்தியம் பிடித்த விமானிக்குப் போர்ப் பறப்பிலிருந்து விடுதலை உண்டு, அவன் கேட்டால் போதும். ஆனால் உயிருக்குப் பயந்து கேட்கிறான் என்றால் அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பறக்க வேண்டும். கயிறும் இல்லை, இரும்பும் இல்லை, விதிமுறைப் புத்தகத்தின் ஒரு பிரிவு மட்டும். இதை எப்படித் தமிழில் சொல்வது என்று மொழிபெயர்ப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 'பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பைத்தியம்கூட அப்படியே இருக்கிறது பாருங்கள்.

போலீஸ் செய்தி இல்லாமல் பத்திரிகையா? தப்பியோடியவரை நம் போலீசார் 'வலைவீசித் தேடி' வருகிறார்கள். அந்த வலையைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆங்கில நிருபர்களின் வலைக்கு 'டிராக்நெட்' என்று பெயர். 1949-ல் அமெரிக்க வானொலியில் அந்தப் பேரில் போலீஸ் தொடரே வந்து, பிறகு டிவிக்கும் போனது. இரண்டும் வலைதான், ஆனால் ஒரே வலை இல்லை. டிராக்நெட் அடிமண்ணைத் தடவி இழுத்து வருவது. குஞ்சு, குளுவான், பாசி எல்லாம் சேர்ந்து வரும். ஒரு பேட்டை முழுவதையும் வளைத்து எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதைத்தான் அவர்கள் அப்படி எழுதுவார்கள். நாம் வீசுவது வீச்சுவலை. மீன் புரளும் இடத்தைப் பார்த்து வீசுவது. ஆகவே எங்கள் துணை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறேன்: யாரைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் வீசுங்கள், பேட்டையையே வாரினால் 'வாரினார்கள்' என்றே எழுதுங்கள்.

குளத்தில் தண்ணீர் வற்றும் மாதங்களில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தா, கச்சா, தூரி, பரி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே இறங்குகிறது. செய்தியில் எல்லாமே 'மீன்பிடி சாதனங்கள்' ஆகிவிடுகின்றன. ஊத்தாவை மேலிருந்து கவிழ்த்து, அதன் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் பொறியோடு அதை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது? உங்கள் ஊரில் மீனுக்கும் எலிக்கும் காடைக்கும் நண்டுக்கும் வைத்த, இன்றும் வைக்கிற கருவிகளின் பெயரை எழுதி அனுப்புங்கள். பெயர் மட்டும் போதாது. எதால் செய்தது, வாய் எந்தப் பக்கம், உள்ளே போனது ஏன் திரும்பி வர முடியவில்லை என்று விளக்கமாக எழுதுங்கள். கோட்டுப் படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலேசியத் தோட்டப்புறங்களிலிருந்தும் எதிர்பார்க்கிறேன். வரும் கடிதங்களைத் தொடர்ந்து வெளியிடலாம் என்று இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்